சீட்டுக்குக் கீழே, தலைக்கு மேலே

விமானப் பணிப்பெண் வேலையில் பாதி, எது எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. மீதிப் பாதி, அது ஏன் அங்கே இருக்கிறது என்று பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் விளக்குவது.

நீங்கள் வரிசையில் நிற்கும்போதே நாங்கள் உள்ளே ஏறிவிடுவோம். ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு அவசரச் சாமானையும் கையால் தொட்டுப் பார்ப்போம். ஆக்சிஜன் பாட்டிலில் முள் பச்சையில் நிற்கிறதா, தீயணைப்பானின் சீல் உடையாமல் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா, மெகாஃபோன், முதலுதவிப் பெட்டி, கைக்குழந்தைகளின் லைஃப் ஜாக்கெட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் உங்களுக்குக் கதவு திறக்கும். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாது. பட்டால், நீங்கள் பை வைக்க நினைத்த இடத்தில்தான் படும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போகிற விமானத்தில், பையைக் காலடியில் திணித்துக்கொண்டு முழங்கால் வலியோடு என்னை முறைத்தவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் வாருங்கள். ஒரே வேதனையை நீங்கள் அந்தப் பக்கமிருந்து பட்டீர்கள், நான் இந்தப் பக்கமிருந்து பட்டேன்.

கடைசி வரிசை

நான் வேலை பார்க்கும் சிறிய விமானங்களில், கடைசி வரிசைக்கு மேலே உள்ள பெட்டி பயணிகளுக்கு இல்லை. உள்ளே ஆக்சிஜன் பாட்டில்கள் வாரால் கட்டிக் கிடக்கும். மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரைப் படித்த பயணியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒருநாள் சிங்கப்பூர் சுவா சூ காங்கிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தங்கை வீட்டுக்குப் பால்மாவு டின்களாக அடுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டியோடு அந்த வரிசைக்கு வந்தார். மூடியைத் திறந்தார். பாட்டில்களைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "இதக் கொஞ்சம் நகத்துங்க" என்றார். நகர்த்தக் கூடாது, யாருக்காவது மூச்சுத் திணறினால் உடனே எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் பாட்டில்களை ஒருமுறை, என்னை ஒருமுறை, கையிலிருந்த போர்டிங் பாஸை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நான் டிக்கெட் எடுத்திருக்கேன். இதுங்களுக்கு யாரும்மா எடுத்தா?"

மஞ்சள் கழுத்து

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, விமானத்துக்குள்ளே ஊதக் கூடாது, வெளியே போகும்போதுதான் சிவப்பு வளையத்தை இழுக்க வேண்டும். இதை எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாதிப் பேர் ஃபோனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். அன்று ஒரே ஒருவர் மட்டும் கண் இமைக்காமல் பார்த்தார். செம்பவாங்கில் டியூஷன் நடத்துகிற கணக்கு வாத்தியார். நடு சீட். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், பெரிய பாம்பு சீறியது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வாத்தியார் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக உப்பிக்கொண்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரத்துப் பெண் ஒரு பக்கம் நசுங்கியிருந்தாள். இந்தப் பக்கத்து இளைஞன் பாதி உடம்போடு நடைபாதையில் தொங்கிக்கொண்டிருந்தான். ஊதுகுழலின் நுனியை விரலால் அமுக்கி நான் காற்றை இறக்கும்வரை வாத்தியார் பொறுமையாக முகத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு வீட்டுப்பாடம் திருத்தி மதிப்பெண் போடுகிற தொனியில் சொன்னார்: "பரவாயில்ல மிஸ், வேலை செய்யுது. சும்மா பேருக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

ஊறுகாய் பாட்டில்

அவசர வழியை ஒட்டிய வரிசையில் உட்காருகிறவரிடம், தேவைப்பட்டால் அந்தக் கனமான கதவைத் திறந்து உதவுவீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். வாட்டசாட்டமான ஒருவர் கேள்வியை முழுசாகக் கேட்கும் முன்பே நெஞ்சை நிமிர்த்தி, "அதெல்லாம் நான் பார்த்துக்குவேன் சிஸ்டர்" என்றார். பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இவரா? வீட்டுல ஊறுகாய் பாட்டில் மூடிய நான்தான் திறக்கிறேன். என்னைய ஜன்னல் பக்கம் மாத்தி விடுங்க."

கோடாலி

விமானத்தில் ஒரு சின்னக் கோடாலியும் உண்டு. தீப்பிடித்தால் பலகையைப் பிளந்து உள்ளே பார்ப்பதற்காக. கண்டவர் கையில் சிக்கக் கூடாது என்பதால் அது விமானிகளின் அறையில்தான் இருக்கும். எங்களுக்கு வருஷா வருஷம் பரீட்சை உண்டு. எந்தச் சாமான் எங்கே, எத்தனை என்று கேட்பார்கள். தவறினால் பறக்க முடியாது. என்னோடு அடிக்கடி வேலை செய்யும் ஷாஹுலுக்கு அடுத்த வாரம் பரீட்சை. லிட்டில் இந்தியாவில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை இருக்கிறது. இவனோ துணியையும் விலையையும் தவிர வேறு எதையாவது மனப்பாடம் செய்யலாம் என்று விமானத்துக்கு வந்தவன். பின்பக்கச் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று நான் கேள்வி கேட்க, அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அலுப்புத் தீர எல்லாவற்றையும் தமிழில் கேட்டேன்.

"கோடாலி எங்கே?"

"கேப்டன்கிட்ட."

"எதுக்கு?"

"அவசரத்துக்கு."

கழிவறைக்குக் காத்து நின்ற அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வந்த காரியத்தை விட்டுவிட்டுத் தம் சீட்டுக்கு வேகமாக நடந்தார். நாங்கள் இருவரும் பயந்துவிட்டோம். கேப்டன் கோடாலியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வரிசை வரிசையாகச் செய்தி பரவினால் என்ன ஆவது? சமாதானம் சொல்ல நான் திரையை விலக்கியபோது அவரே திரும்பி வந்தார். கையில், ஊருக்குப் போகிற எல்லாரும் டஜன் கணக்கில் வாங்கிப்போகிற அந்தப் பச்சைத் தைலத்தில் ஒரு பாட்டில். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "கேப்டன்கிட்ட இருக்கிற கோடாலித் தைலம் சின்ன பாட்டிலா இருக்கும். இதக் குடுங்க. நெத்தியில லேசாத் தேய்க்கச் சொல்லுங்க, கண்ணுல பட்டுட்டா நம்ம எல்லாருக்கும் கஷ்டம்."

மெகாஃபோன்

மெகாஃபோனும் தலைக்கு மேலே ஒரு பெட்டியில்தான் இருக்கும். அதை நிஜமாகக் கையில் எடுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு மத்தியானம் எல்லாரும் ஏறிய பிறகு விமானத்தில் மின்சாரக் கோளாறு. விளக்கு மங்கியது, ஏசி நின்றது, ஒலிபெருக்கி செத்தது. வெளியே வெயில் கொளுத்தியது. பொறியாளர் வந்துகொண்டிருக்கிறார், யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று நான் முன்னாலிருந்து கத்தியது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் சிலர் எழுந்து பைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடைபாதை அடைத்துக்கொண்டால் அப்புறம் யாரும் எங்கேயும் போக முடியாது. கேப்டன், "எடு அதை" என்றார்.

எடுத்தேன். அழுத்தினேன். பேசும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே சைரன் பொத்தானும் இருக்கிறது என்று பாடத்தில் படித்தது விரலுக்கு ஞாபகம் இல்லை. அது ஊளையிட்டதில் நின்றவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் பெல்ட் போட்டார்கள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அழுதன. சரியான பொத்தானைக் கண்டுபிடித்து, "அன்பான பயணிகளே, அமைதியாக இருங்கள், உங்கள் ஒத்துழைப்பு எங்களுக்குத் தேவை" என்றேன். கிராஞ்சியில் தங்கியிருக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள் ஒரு குழுவாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கையைத் தூக்கினார்: "எங்க ஓட்டு உங்களுக்குத்தான் மிஸ். முதல்ல ஏசியப் போடச் சொல்லுங்க."

தெங்கிரி மீன்

சீருடையைக் கழற்றினாலும் கேள்விகள் விடாது. தேக்கா ஈரச்சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அண்ணன், என்னைப் பார்த்தாலே கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "தங்கச்சி, எந்த சீட்டுல உக்காந்தா பொழைக்கலாம்?" அப்படி ஒரு சீட்டு கிடையாது, எல்லா சீட்டும் ஒன்றுதான் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒருநாள் அவர் கேள்வியை மாற்றினார். டார்ச் எங்கே இருக்கிறது? எங்கள் சீட்டுக்குக் கீழே. தீயணைப்பான்? எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில். புகை முகமூடி? அங்கேயேதான். உங்கள் சீட்டு எங்கே? கதவை ஒட்டி.

ஊரில் வஞ்சிரம் என்பார்களே, அந்தத் தெங்கிரி மீன் ஒன்றை அவர் தூக்கிப் பலகையில் போட்டு ஒரே வெட்டாக வெட்டினார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர்த்து, தீர்ப்பு சொல்வது போலச் சொன்னார்: "சாமானெல்லாம் கதவுகிட்ட. இவங்களும் கதவுகிட்ட. கேட்டா எல்லா சீட்டும் ஒண்ணுதானாம்."

அப்பளம்

எங்கள் வீட்டிலும் ஒரு தீயணைப்பான் உண்டு. இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியவள் நான். வைத்த இடம், இங்கே எல்லா அடுக்குமாடி வீட்டிலும் இருக்கிற அந்தப் பாதுகாப்பு அறை. குண்டு விழுந்தால் குடும்பம் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டியது. எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட உள்ளே நுழைய முடியாது. அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, மகளின் மூன்று சக்கர சைக்கிள், கிறிஸ்துமஸ் மரம், ஆலய விழாவுக்கு வாங்கிய மடக்கு நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே ஒளிந்துகொண்டிருக்கின்றன.

ஒரு ஞாயிறு, ஆலயத்தில் பூசை முடிந்து வந்து அப்பளம் பொரிக்கும்போது எண்ணெயில் தீ பிடித்துவிட்டது. நிஜமான தீ, அடுப்புக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு. என் கால்கள் தாமாகவே ஓடின. பாதுகாப்பு அறைக்குள் நாற்காலியைத் தூக்கி எறிந்து, மரத்தைச் சாய்த்து, மூட்டை மேல் ஏறி, அடியிலிருந்து தீயணைப்பானை உருவிக்கொண்டு திரும்பினேன். சமையலறையில் தீ இல்லை. என் கணவர் ஜோசப் கேஸை அணைத்து, வாணலியை ஒரு தட்டால் மூடிவிட்டு, கருகாத அப்பளங்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் ஜிகினா நட்சத்திரம் தொங்க, மூச்சிரைக்க நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெதுவா வா லா. நாங்க அப்பவே லேண்ட் ஆயிட்டோம்."

இட்லிப் பானை

இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு வராது. ஆனால் சிரிப்பு வந்த இடங்களும் அதில் உண்டு.

திருச்சிக்குப் போகும் காலை விமானம். இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. சாப்பாட்டு வண்டியோடு ஷாஹுலும் நானும் பின்பாதியில் நின்றோம். செல்வராஜ் என்ற பெரியவர், மகள் வளைகாப்புக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர், எழுந்து கழிவறைப் பக்கம் நடந்தார். எங்களுக்குப் பின்னால் நாலடி வைத்ததும், உயரத்திலிருந்து மூட்டையைப் போட்டது போல விழுந்தார். ஷாஹுல் குனிந்து பார்த்தான். மூச்சு இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவன் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற கருவி அங்கேதான், மேலே. உங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்குமே, அதே கருவி.

பெட்டியைத் திறந்தேன். கருவி தெரியவில்லை. ஒரு பை தெரிந்தது. கிளம்பும்போது அங்கே இல்லாத பை. அந்த வரிசையில், மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற ராஜாமணி அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, கணீரென்ற குரல். காலடியில் இருந்த பை முட்டியை இடிக்கிறது என்று, நாங்கள் முன்னால் வண்டி தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அவரே தூக்கி மேலே செருகியிருக்கிறார். நான் இழுத்தேன். வரவில்லை. உள்ளே இருந்த பாத்திரத்தின் கைப்பிடி ஆக்சிஜன் பாட்டிலின் வாரில் மாட்டிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தேன். பின்னால் ஷாஹுல் சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்துவது கேட்கிறது. என் விரல்கள் வேர்த்து வழுக்கின. அந்த மாதிரி நேரத்தில் யோசனை எதுவும் வராது. ஒரு பயம்தான் வரும், இவரை உயிரோடு கீழே இறக்குவோமா என்று.

"தள்ளு தாயி!" என்று ஒரு குரல். ராஜாமணி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேல் ஏறி நின்றார். இரண்டு கையாலும் பையைப் பிடித்து ஓர் இழுப்பு. பை கிழிந்தது. இட்லிப் பானை வெளியே பாய்ந்து என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. தட்டுகள் கலகலவென்று நடைபாதையில் முன்வரிசை வரைக்கும் உருண்டு போயின. கருவி என் கைக்கு வந்துவிட்டது.

விடுப்பில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி முன்னாலிருந்து தாவி வந்தாள். சட்டையை வெட்டி, ஒட்ட வேண்டியதை ஒட்டினோம். கருவி பேசியது. யாரும் தொடாதீர்கள் என்றது. எல்லாரும் விலகினோம். செல்வராஜின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுபடி ஷாஹுல் அழுத்தினான். பிறகு அவர் கை அசைந்தது. நர்ஸ் அவர் கழுத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் ஆக்சிஜனைப் பொருத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். நடைபாதையில் அப்படியே நின்ற சாப்பாட்டு வண்டியைப் பார்த்தார். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோனேன். "மிஸ், எனக்கு வெஜ்ஜுன்னு சொல்லியிருந்தேன்."

ஷாஹுல் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். கேப்டன் முன்னுரிமை கேட்டு வாங்கி இறக்கினார். ஆம்புலன்ஸ் ஓடுபாதைப் பக்கத்திலேயே காத்திருந்தது. செல்வராஜுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, நன்றாக இருக்கிறார், பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று பிறகு கம்பெனி மூலம் தெரிந்தது.

ஆனால் அன்று, இறங்குவதற்கு முன்னால், எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ராஜாமணி அம்மாளிடம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். யாரோ பொறுக்கிக் கொடுத்த இட்லித் தட்டுகளை அடுக்கி, கிழிந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஏறும்போது கணீரென்று இருந்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கொண்டுபோன நாலு வார்த்தையை விட்டுவிட்டேன். பெல்ட்டைச் சரி பார்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதை எங்க வைக்கணும்னு நீயே சொல்லு தாயி, அங்க வைக்கிறேன். வெளிய வீசுன்னாலும் வீசிர்றேன்."

மொத்தத்தில் எங்கள் தொழில் என்பது, ஒருநாளும் எடுக்க நேரக் கூடாத சாமான்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்து வைத்திருப்பதுதான். மிச்ச நேரத்தில் காப்பி ஊற்றுகிறோம்.